பிள்ளைகளோடு நெடும்பயணம்: அவசரம் யாருக்கு?

தீபாவளிக்கு முந்தின நாள் காலையில் தாப்பா ஓய்வுத்தளத்தில் சற்று நேரம் நின்று பார்த்தால் போதும். கார் நிறுத்த இடம் தேடி மூன்று சுற்று வந்த தந்தை எரிச்சலோடு ஸ்டீயரிங்கைத் தட்டிக் கொண்டிருப்பார். தாயின் தோளில் கைக்குழந்தை வீறிட்டு அழும். பாலர் பள்ளிக்குப் போகும் மூத்த மகள் பின் இருக்கையில் வாந்தியெடுத்ததில் புத்தாடை வீணாகியிருக்கும். "அப்பவே சொன்னேன், நேற்றே கிளம்பியிருக்கலாம்" என்று ஒருவர் தொடங்க, "துணிமணி எல்லாம் எடுத்து வைத்தது யாருங்க, நீங்களா?" என்று மற்றவர் முடிப்பார். அலோர் ஸ்டாருக்கு இன்னும் பாதி வழிகூடக் கடந்திருக்காது.

விடுமுறைப் பயணம் மகிழ்ச்சிக்காகத்தான் போகிறோம். ஆனால் சிறு பிள்ளைகள் உள்ள பல வீடுகளில் பயணம் என்றாலே பெரியவர்களுக்குத் தலைவலி வந்துவிடுகிறது. காரணம் கேட்டால், "பிள்ளைகள் படுத்துகிறார்கள்" என்பார்கள். பிள்ளைகள் தரப்பிலிருந்து பார்த்தால் கதை வேறு. ஒன்றரை வயதுக் குழந்தையைத் தூக்கத்தில் எழுப்பி, பசியோ பசியில்லையோ எதையாவது ஊட்டி, ஐந்தாறு மணி நேரம் அசையாமல் உட்கார வைத்து, இறங்கியதும் இருபது புதிய முகங்களுக்கு நடுவே சிரிக்கச் சொல்கிறோம். மதியச் சாப்பாட்டுக்கு மாமியார் வீட்டில் இருக்க வேண்டும் என்ற அவசரம் குழந்தைக்குக் கிடையாது. அது பெரியவர்களின் அவசரம். வழியில் வரும் சண்டைகளில் பெரும்பகுதி அங்கேதான் தொடங்குகிறது.

கிள்ளானில் வாழும் ஓர் இளம் குடும்பத்தை எடுத்துக் கொள்வோம். கணவன், மனைவி, நான்கு வயது மகள், பதினோரு மாத மகன், கூடவே பாட்டி. போக வேண்டியது அலோர் ஸ்டார். தூரம் 400 கிலோமீட்டருக்கும் அதிகம். 1994ஆம் ஆண்டு வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுமையாகத் திறக்கப்பட்ட பிறகு, சாதாரண நாளில் இது ஐந்து மணி நேரத்துக்குள் முடிகிற பயணம். பண்டிகைக் காலத்தில் எத்தனை மணி நேரம் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. இந்தக் குடும்பம் முதலில் செய்ய வேண்டியது, "ஐந்து மணி நேரம்" என்ற கணக்கை மறப்பது. பிள்ளைகளோடு போகிறவர்கள் எட்டு மணி நேரம் என்று வைத்துக் கொள்வது நல்லது. ஏழு மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தால் அன்று எல்லாரும் சிரித்த முகத்தோடு இறங்குவார்கள். ஐந்து மணி நேரம் என்று கிளம்பி அதே ஏழு மணி நேரம் ஆனால், முகத்தைத் தூக்கி வைத்துக் கொண்டு இறங்குவார்கள். சாலையும் நேரமும் ஒன்றுதான், கணக்குதான் வேறு.

"கிள்ளானிலிருந்து நான்கே மணி நேரத்தில் வந்துவிட்டேன்" என்று பெருமை பேசும் தந்தையர் உண்டு. அதற்கு யாரும் கோப்பை கொடுத்ததாகத் தெரியவில்லை. நெடுஞ்சாலையில் அனுமதிக்கப்பட்ட வேகம் மணிக்கு 110 கிலோமீட்டர். அதே வேகத்தில் 400 கிலோமீட்டர் ஓடினால் 3 மணி 38 நிமிடம் பிடிக்கும். சட்டத்தை மீறி 130இல் ஓடினால் 3 மணி 5 நிமிடம். மிச்சமாவது 33 நிமிடம், அதுவும் வழியில் ஒருமுறைகூட வேகம் குறையாமல் ஓடினால்தான். பிள்ளைக்கு ஒரு பெம்பர்ஸ் மாற்றிப் பால் கொடுத்தால் அந்த 33 நிமிடமும் போய்விடும்.

எப்போது கிளம்புவது?

இரவில் ஓட்டினால் பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள், தொல்லை இல்லை என்பது நம்மவர்களிடையே பரவலாக உள்ள யோசனை. பிள்ளைகள் தூங்குவார்கள் என்பது உண்மை. ஓட்டுகிறவருக்கும் அதே நேரத்தில் தூக்கம் வரும் என்பதுதான் சிக்கல். மனித உடல் பின்னிரவு 2 மணிக்கும் காலை 6 மணிக்கும் இடையே மிகவும் சோர்ந்திருக்கும். பகல் முழுவதும் வேலை செய்து, மாலையில் துணிமணி எடுத்து வைத்து, இரவு 11 மணிக்குக் காரை எடுக்கும் ஒருவர், ஈப்போவைத் தாண்டும்போது சரியாக அந்த நேரத்தில் இருப்பார். காருக்குள் எல்லாரும் தூங்குகிறார்கள், பேச்சுத்துணைக்கும் ஆள் இல்லை. காப்பியும் சத்தமான பாட்டும் தூக்கத்தைச் சிறிது தள்ளிப்போடுமே தவிர விரட்டாது. ஓட்டுகிறவரின் கண் ஒருமுறை செருகினால், 110 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விநாடிக்கு முப்பது மீட்டர் வண்டி தானாக ஓடும்.

இதற்கு நடுவழி ஒன்று உண்டு. முதல் நாள் மாலையே பொருள்களைக் காரில் ஏற்றிவிட்டு, ஓட்டுகிறவர் இரவு 9 மணிக்கெல்லாம் படுத்துவிட வேண்டும். மற்ற வேலைகள் அவர் காதில் விழக்கூடாது. விடியற்காலை 5 மணிக்குப் பிள்ளைகளைத் தூக்க உடையோடேயே தூக்கி வந்து இருக்கையில் உட்கார வைத்தால், அவர்கள் மேலும் இரண்டு மணி நேரம் தூங்குவார்கள். கண் விழிக்கும்போது தாப்பா வந்திருக்கும். பல் துலக்கி, முகம் கழுவி, உடை மாற்றி, காலைச் சாப்பாட்டை அங்கேயே முடித்துக் கொள்ளலாம். புத்தாடை அணிவித்துக் கிளம்புவது அழகுதான். ஆனால் அதை ஊருக்குள் நுழைவதற்கு முந்தின ஓய்வுத்தளத்தில் அணிவித்தால் பாட்டி வீட்டு வாசலில் அது புத்தாடையாகவே இருக்கும்.

பண்டிகைக் காலங்களில் நெடுஞ்சாலை நிறுவனம், எந்த ஊருக்குப் போகிறவர்கள் எந்த நாளில் எந்த நேரத்தில் நெடுஞ்சாலையில் நுழைந்தால் நெரிசல் குறைவு என்று பயண நேர ஆலோசனையை வெளியிடுகிறது. அதைப் பார்த்து, முடிந்தால் விடுப்பை ஒருநாள் முன்தள்ளி எடுப்பது நல்லது. தீபாவளிக்கு முந்தின நாள் மாலை என்பது எல்லாருக்கும் தோன்றும் நேரம். அதனால்தான் அது மோசமான நேரமாக இருக்கிறது.

இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை வண்டியை நிறுத்த வேண்டும். இது ஓட்டுகிறவருக்காக மட்டும் இல்லை. கைக்குழந்தையை இருக்கையில் வளைந்த நிலையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வைத்திருப்பது அதன் மூச்சுக்கும் முதுகுக்கும் நல்லதல்ல என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். வெளியே எடுத்து, துணி விரித்து, கை கால்களை நீட்ட விட வேண்டும். தாப்பாவுக்குப் பிறகு சுங்கை பேராக், குனோங் செமாங்கோல், குருண் என்று நல்ல ஓய்வுத்தளங்கள் வழியெங்கும் இருக்கின்றன. சிலவற்றில் பிள்ளைகள் விளையாடத் திடலும் உண்டு. நான்கு வயதுப் பிள்ளைக்குச் சறுக்குமரத்தில் கால் மணி நேரம் கிடைத்தால் அடுத்த ஒன்றரை மணி நேரம் அமைதி கிடைக்கும். அந்தக் கால் மணி நேரத்தைப் பெரியவர்கள் உட்கார்ந்து தே தாரேக் குடிப்பதற்கு மட்டும் செலவிட்டு, பிள்ளையை நாற்காலியிலேயே அமர்த்தி வைத்தால் நிறுத்தியதற்குப் பயனில்லை.

ஒரு விஷயத்தில் கண்டிப்பு வேண்டும். "அப்பா, ஒன்னுக்கு வருது" என்று மகள் சொன்னவுடன் அவசரத் தடத்தில் வண்டியை ஓரங்கட்டுவது மிக ஆபத்தான பழக்கம். அங்கே நிற்கும் வண்டிகள் மீது பின்னால் வரும் வாகனங்கள் மோதி உயிர்கள் போயிருக்கின்றன. கேட்டாலும் கேட்காவிட்டாலும் ஒவ்வொரு நிறுத்தத்திலும் பிள்ளையைக் கழிவறைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். நெரிசலில் சிக்கிக்கொண்டால் உதவ, மூடி போட்ட சிறிய பிளாஸ்டிக் பாத்திரம் ஒன்று காரில் இருக்கட்டும். பெரியவர்கள் முகம் சுளித்தாலும் அதுதான் அன்று கைகொடுக்கும்.

பாட்டியின் மடி

நம் குடும்பங்களில் பெரிய வாக்குவாதம் இந்த இடத்தில்தான் வருகிறது. குழந்தை தனி இருக்கையில் அழுகிறது. பாட்டிக்குப் பொறுக்கவில்லை. "என் மடியில் குடு, நான் பிடிச்சுக்கிறேன். ஆறு பிள்ளைகளை இப்படித்தான் வளர்த்தேன்" என்கிறார். அவர் சொல்வது பொய்யில்லை. பழைய சாலையில் தஞ்சோங் மாலிம், பீடோர் என்று ஊர் ஊராக நுழைந்து, பஸ்ஸில் பிள்ளைகளை மடியில் வைத்துக் கொண்டு போன தலைமுறை அது. அந்த வேகம் வேறு, இன்றைய வேகம் வேறு.

கணக்கைப் பார்த்தால் எவருக்கும் புரியும். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் எதிலாவது மோதி, ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் நின்றுவிட்டால், பத்துக் கிலோ எடையுள்ள குழந்தையைப் பிடித்து நிறுத்த ஏறக்குறைய 140 கிலோ எடையைத் தாங்கும் பலம் வேண்டும். எந்தப் பாட்டியின் கைக்கும் அந்தப் பலம் இல்லை, எந்தப் பயில்வானின் கைக்கும் இல்லை. நெடுஞ்சாலையில் வேகம் இரண்டு மடங்கு. வேகம் இரண்டு மடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகும். முன் இருக்கையில் தாயின் மடியில் குழந்தை இருந்தால் நிலைமை இன்னும் மோசம். விபத்தில் காற்றுப்பை வெடித்து விரியும்போது அது நேராகக் குழந்தையின் மீதே மோதும். அதே காரணத்தால், பின்னோக்கிப் பார்க்கும் குழந்தை இருக்கையைக் காற்றுப்பை உள்ள முன் இருக்கையில் ஒருபோதும் பொருத்தக்கூடாது.

மலேசியாவில் பின் இருக்கைப் பயணிகளும் வார்ப்பட்டை அணிய வேண்டும் என்பது 2009 ஜனவரி 1ஆம் தேதி கட்டாயமானது. தனியார் கார்களில் சிறு பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு இருக்கை கட்டாயம் என்ற விதி 2020 ஜனவரி 1ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. தொடக்கத்தில் அபராதத்தைவிட அறிவுரைக்கே முதலிடம் தரப்பட்டதால், "யாரும் பிடிப்பதில்லையே" என்று சிலர் அலட்சியமாக இருந்துவிட்டார்கள். சிங்கப்பூரில் 1.35 மீட்டருக்குக் குறைவான உயரமுள்ள பிள்ளைகளுக்கு இது கட்டாயம். பாலம் தாண்டி அங்கே காரோட்டிப் போகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

இருக்கை வாங்கும்போது விலை உயர்ந்ததுதான் நல்லது என்று நினைக்கத் தேவையில்லை. ஆர்44 அல்லது ஆர்129 என்ற ஐக்கிய நாட்டுத் தர முத்திரை இருக்கிறதா, பிள்ளையின் எடைக்கும் உயரத்துக்கும் ஏற்றதா, சொந்தக் காரில் ஆடாமல் பொருந்துகிறதா என்று பார்த்தால் போதும். அண்ணன் பிள்ளை பயன்படுத்திய இருக்கையை வாங்கிக் கொள்ளலாம், அது விபத்தில் சிக்காதது என்று உறுதியாகத் தெரிந்தால். முன்பின் தெரியாதவரிடம் பழைய இருக்கை வாங்குவதைத் தவிர்ப்பது நல்லது. மூன்று பிள்ளைகள் உள்ள குடும்பம் சிறிய காரில் மூன்று இருக்கைகளைப் பொருத்த முடியாமல் தவிப்பது உண்மையான சிரமம்தான். வாங்கும் முன் காரையே கடைக்கு ஓட்டிச் சென்று பொருத்திப் பார்ப்பது ஒன்றே வழி.

தனி இருக்கையில் அழும் பிள்ளைகள் பெரும்பாலும் பயண நாளன்றுதான் முதல்முறையாக அதில் உட்காருகிறவர்கள். ஒரு மாதத்திற்கு முன்பே மார்க்கெட்டுக்கு, கோயிலுக்கு என்று பத்து நிமிடப் பயணங்களில் உட்காரப் பழக்கினால் பாதி அழுகை குறையும். மீதி அழுகைக்குத் தாய் பின் இருக்கையில், பிள்ளைகளுக்குப் பக்கத்தில் இருப்பதுதான் மருந்து. கிள்ளான் குடும்பத்தில் பாட்டியை முன் இருக்கையில் அமர்த்தி, தாய் இரண்டு பிள்ளைகளுக்கு நடுவே உட்கார்ந்தால், பாட்டிக்கும் கால் நீட்ட இடம் கிடைக்கும், ஓட்டுகிறவரும் திரும்பித் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. அழுகை நிற்கவே இல்லை என்றால் அடுத்த நிறுத்தத்தில் வண்டியை நிறுத்தி, வெளியே எடுத்துச் சமாதானப்படுத்தலாம். ஓடுகிற வண்டியில் பட்டையைக் கழற்றக்கூடாது. ஒருமுறை கழற்றினால், அழுதால் கழற்றுவார்கள் என்று பிள்ளைக்குத் தெரிந்துவிடும். பதினோரு மாதத்திலேயே தெரியும்.

வயிறும் வாந்தியும்

வாந்திக்குக் காரணம் பெரும்பாலும் சாப்பாடு மட்டுமே அல்ல. உடல் அசைகிறது என்று உட்காது மூளைக்குச் சொல்கிறது. கண் காருக்குள் அசையாத புத்தகத்தையோ திரையையோ பார்த்துக் கொண்டு, அசையவில்லை என்கிறது. இந்தக் குழப்பத்தில் தலை சுற்றி வயிற்றைப் பிரட்டுகிறது. இரண்டு வயதுக்குக் கீழே இது அரிது. அதற்குப் பிறகு பன்னிரண்டு வயது வரை அதிகம். ஆகவே, அமைதியாக இருக்கட்டும் என்று கையில் கைத்தொலைபேசியைக் கொடுக்கும் பெற்றோர், பல நேரங்களில் வாந்திக்குத் தாங்களே வழி செய்கிறார்கள். பிள்ளையைத் தலை நிமிர்ந்து தூரத்தில் தெரியும் மலையைப் பார்க்கச் சொல்வது, கண்ணாடியைச் சற்று இறக்கிக் காற்று விடுவது, காருக்குள் மணக்கும் வாசனைப் பொருளை எடுத்துவிடுவது எல்லாம் பலன் தரும். வெறும் வயிறும் கூடாது, நிறைந்த வயிறும் கூடாது. எண்ணெய் சொட்டும் ரொட்டி சானாயும் கறிக் குழம்பும் காலை ஏழு மணிக்குச் சிறு பிள்ளைக்கு வேண்டாம். ரொட்டி, பிஸ்கட், வாழைப்பழம், இட்லி போதும்.

வாந்தி மாத்திரை, பயண மருந்து எதையும் இரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு மருத்துவர் சொல்லாமல் கொடுக்கக்கூடாது. அதைவிடக் கவலையான இன்னொரு பழக்கமும் இருக்கிறது. வழியெல்லாம் தூங்கட்டும் என்று சளி மருந்தை ஒரு கரண்டி ஊற்றி விடுகிறார்கள். தூக்கம் தரும் சில சளி மருந்துகள் சிறு குழந்தையின் மூச்சையே தளர்த்திவிடக் கூடியவை. பின்னோக்கிய இருக்கையில் இருக்கும் குழந்தை தூங்குகிறதா, மூச்சுக்குத் திணறுகிறதா என்று முன்னால் இருப்பவருக்குத் தெரியாது. பிள்ளையின் அழுகை காதுக்குத்தான் தொல்லை. மருந்து உயிருக்கே தொல்லையாகிவிடக் கூடும்.

கட்டுச்சோற்றுக்கு நம் பாட்டிமார் புளிச்சோற்றைத் தேர்ந்தெடுத்ததில் அர்த்தம் இருந்தது. புளிப்பு உணவைக் காக்கும். தேங்காய்ச் சட்னியும் தேங்காய்ப்பால் சேர்ந்த நாசி லெமாக்கும் மூடிய காரின் வெப்பத்தில் சீக்கிரமே கெடும். குழந்தைக்கான பால்மாவை முன்கூட்டியே கலந்து எடுத்துச் செல்லக்கூடாது. கலந்த பாலை இரண்டு மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும், மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். சுடுநீரைத் தெர்மோசிலும், அளந்த பால்மாவைத் தனித்தனி டப்பாக்களிலும் வைத்துக் கொண்டு, தேவைப்படும்போது கலந்து, ஆற வைத்துக் கொடுக்கலாம்.

ஈப்போ வழியாகப் போகிறவர்கள் புந்தோங்கில் கச்சாங் பூத்தே வாங்காமல் போவதில்லை. வாங்கட்டும். ஆனால் கடலை, முறுக்குத் துண்டு, முழுத் திராட்சை போன்றவற்றை ஓடும் வண்டியில் சிறு பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டாம். குறிப்பாக நான்கு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளின் தொண்டையில் இவை எளிதாக அடைத்துக் கொள்ளும். ஒரு குலுக்கலில் அடைத்துவிட்டால், நெடுஞ்சாலையின் நடுவே யாரும் ஒன்றும் செய்ய முடியாது.

இன்னும் எவ்வளவு தூரம்?

"அப்பா, இன்னும் எவ்வளவு தூரம்?" ரவாங் தாண்டுவதற்குள் பத்து முறை கேட்டாகிவிடும். "மூணு மணி நேரம்" என்று பதில் சொல்கிறோம். நான்கு வயதுப் பிள்ளைக்கு மணிக்கணக்கு தெரியாது. அதற்கு மூன்று மணி நேரமும் மூன்று நாளும் ஒன்றுதான். பதில் புரியாததால்தான் அது மறுபடியும் கேட்கிறது. அதைத் தொல்லை என்று அதட்டுகிறவர்கள், விமானம் ஒரு மணி நேரம் தாமதமாகி யாரும் காரணம் சொல்லாவிட்டால் தாங்கள் எத்தனை முறை முகப்பிடத்தில் போய்க் கேட்பார்கள் என்று யோசிக்கலாம்.

வடக்கே போகும் வழியில் இயற்கையே அடையாளங்களை வைத்திருக்கிறது. தாப்பாவில் காலைச் சாப்பாடு. ஈப்போவை நெருங்கும்போது வெள்ளையும் கறுப்புமாகச் செங்குத்தாக நிற்கும் சுண்ணாம்பு மலைகள். பிறகு மெனோரா சுரங்கப்பாதை, ஏறக்குறைய 800 மீட்டர் நீளம். அதற்குள் நுழையும்போது பிள்ளைகள் கூச்சல் போடாமல் இருந்ததில்லை, போடட்டும். அடுத்துப் பேராக் ஆற்றுப் பாலம். அதன்பிறகு கெடாவில் தனியாக எழுந்து நிற்கும் ஜெராய் மலை, வெகு தூரத்திலிருந்தே தெரியும். ஜெராய் பின்னால் போனதும் வயல்வெளி. வயல் வந்துவிட்டால் பாட்டி ஊர் வந்துவிட்டது.

இதையே ஒரு நீளமான தாளில் படமாக வரைந்து முதல் நாள் மகளிடம் கொடுக்கலாம். ஓவியத் திறமை ஒன்றும் தேவையில்லை. மலைக்கு முக்கோணம், சுரங்கத்துக்கு அரைவட்டம், ஆற்றுக்கு இரண்டு கோடு. ஒவ்வொன்றும் வந்ததும் அவளே வண்ணப் பென்சிலால் அடித்துக் கொள்ளட்டும். அடித்தவுடன் மறுபடியும் வெளியே பார்க்கத் தொடங்குவாள், அடுத்ததைத் தேட வேண்டுமே. "எவ்வளவு தூரம்" என்ற கேள்வி, "சுரங்கம் எப்போ வரும்" என்று மாறும். பதில் சொல்ல முடிகிற கேள்வி அது. பாட்டி முன்னால் உட்கார்ந்து, தன் காலத்தில் இந்த ஈப்போவைத் தாண்ட எவ்வளவு நேரமானது என்று கதை சொன்னால் இன்னும் ஒரு மணி நேரம் போகும்.

கைத்தொலைபேசியே கூடாது என்பதல்ல. நெரிசலில் வண்டி ஊர்ந்து கொண்டிருக்கும் கடைசிக் கட்டத்துக்கு அதைச் சேமித்து வைப்பது கெட்டிக்காரத்தனம். தொடக்கத்திலேயே கொடுத்துவிட்டால் கையில் வேறு ஒன்றும் மிஞ்சாது.

ஐந்தே நிமிடம்

ஓய்வுத்தளத்தில் குழந்தை நன்றாகத் தூங்குகிறது. எழுப்ப மனமில்லை. "ஐந்தே நிமிடம், ஓடிப் போய் வந்துவிடலாம்" என்று கண்ணாடியைச் சற்றே இறக்கிவிட்டுக் கதவைப் பூட்டிப் போகிறார்கள். கழிவறையில் வரிசை, கடையில் வரிசை. ஐந்து நிமிடம் இருபதாகிறது. வெயிலில் நிறுத்திய காருக்குள் முதல் பத்து நிமிடத்திலேயே வெப்பம் சுமார் 10 டிகிரி செல்சியஸ் ஏறும். கண்ணாடியைச் சற்று இறக்கி வைப்பதால் பெரிய வித்தியாசம் இல்லை. குழந்தையின் உடல் பெரியவர்களின் உடலைவிட மூன்று முதல் ஐந்து மடங்கு வேகமாகச் சூடேறும். இயந்திரத்தையும் குளிர்சாதனத்தையும் ஓடவிட்டுப் போவதும் தீர்வல்ல. இயந்திரம் நின்று போகலாம், திருடன் காரோடு குழந்தையையும் கொண்டு போகலாம். இரண்டு பெரியவர்கள் இருந்தால் ஒருவர் பின் ஒருவராகப் போய் வரட்டும். ஒருவர் மட்டுமே என்றால் குழந்தையைத் தூக்கிக் கொண்டுதான் போக வேண்டும், தூக்கம் கலைந்தாலும் சரி.

விடுமுறையில் வழக்கமான ஒழுங்கு மாறிப்போவதால் மறதியும் வரும். பாட்டி தூக்கிப் போயிருப்பார் என்று அப்பாவும், அப்பா தூக்கியிருப்பார் என்று அம்மாவும் நினைத்துக் கொள்ளும் வீடுகள் இருக்கின்றன. ஓட்டுகிறவர் தன் பணப்பையையோ ஒரு காலணியையோ பின் இருக்கையில் வைத்துவிட்டால், இறங்கும்போது பின்னால் திரும்பிப் பார்த்தே ஆக வேண்டும்.

ரயிலிலும் விமானத்திலும்

கார் ஓட்டிக் களைப்பதைவிட ரயில் எளிது என்று நினைப்பவர்களுக்குக் கோலாலம்பூரிலிருந்து அலோர் ஸ்டார் வழியாகப் பாடாங் பெசார் வரை இடிஎஸ் மின்ரயில் 2015ஆம் ஆண்டு முதல் ஓடுகிறது. பிள்ளைகள் எழுந்து நடக்கலாம், கழிவறை உண்டு, நெரிசல் கிடையாது. பண்டிகைக்கால டிக்கெட்டுகள் விற்பனை தொடங்கியதுமே தீர்ந்துவிடும் என்பது மட்டுமே குறை.

தமிழ்நாட்டுக்குப் போகிறவர்களுக்குச் சென்னை ஏறக்குறைய நான்கு மணி நேர விமானப் பயணம். கைக்குழந்தைக்கும் தனிப் பாஸ்போர்ட் வேண்டும். விமானம் இறங்கும்போது காது அடைத்துக் குழந்தை அலறும். அப்போது பாலோ தண்ணீரோ கொடுத்தால் விழுங்கும்போது காது திறந்து கொள்ளும். ஏறியதும் பாலைக் கொடுத்துத் தீர்த்துவிடாமல், இறங்கும் நேரத்துக்கென்று ஒரு புட்டியை ஒதுக்கி வைக்க வேண்டும். பயணத்துக்குத் தேவையான குழந்தைப் பாலுக்கு 100 மில்லிலிட்டர் கட்டுப்பாடு இல்லை, சோதனையில் தனியாக எடுத்துக் காட்டினால் போதும். அங்கே நேரம் இரண்டரை மணி பின்தங்கியிருப்பதால், முதல் இரண்டு மூன்று நாள் பிள்ளைகள் விடியற்காலை நான்கு மணிக்கே எழுந்து கொள்வார்கள். அதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது.

போய்ச் சேர்ந்த பிறகு

வண்டி வாசலில் நின்றதும் சித்தப்பா, அத்தை, பெரியம்மா என்று ஆளுக்கொரு கையாகக் குழந்தையை வாங்குவார்கள். அது அன்புதான். ஆனால் எட்டு மணி நேரம் சாலையில் இருந்துவிட்டு வரும் குழந்தை, பத்துக் கை மாறினால் அலறத்தான் செய்யும். உடனே, "பட்டணத்துப் பிள்ளை, யாரிடமும் போகாது" என்று ஒரு பேச்சு கிளம்பும். தாய்க்கு அந்தச் சொல் வலிக்கும். அரை மணி நேரம் அம்மா மடியிலேயே இருந்து எல்லாரையும் பார்க்கட்டும் என்று தந்தையே முன்வந்து சொல்லிவிட்டால் அந்தப் பேச்சு எழாது. தன் வீட்டாரிடம் அவர் சொல்வதற்கும், மருமகள் சொல்வதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

வீட்டில் பயன்படுத்தும் தலையணை, போர்வை, துணித்தொட்டில் கட்டும் சேலை ஆகியவற்றைத் துவைக்காமல் அப்படியே எடுத்துச் செல்லலாம். பழகிய வாசனை இருந்தால் புதிய இடத்திலும் பிள்ளை தூங்கும். பகலில் எப்படியிருந்தாலும், இரவுத் தூக்க நேரத்தை மட்டும் அதிகம் மாற்ற வேண்டாம். வெடிச்சத்தம் கேட்கும் வரை கைக்குழந்தையை விழிக்க வைத்திருக்க வேண்டும் என்று எந்தச் சாத்திரமும் சொல்லவில்லை. ஒரே நாளில் ஐந்து வீடுகளுக்குப் பலகாரத்தட்டோடு போவதாகத் திட்டமிட்டிருந்தால் இரண்டைக் குறைத்துக் கொள்ளலாம். அங்பாவ் அடுத்த நாளும் கிடைக்கும்.

திரும்பி வரும் பயணத்தை யாரும் திட்டமிடுவதில்லை. மறுநாள் வேலை, முதல் நாள் மாலை கிளம்பினால் போதும் என்று விட்டுவிடுகிறார்கள். எல்லாரும் அப்படியே நினைப்பதால் போகும்போது இருந்ததைவிட வரும்போது நெரிசல் அதிகம், களைப்பும் அதிகம், பிள்ளைகளுக்குக் காத்திருக்கப் பாட்டி வீடும் இல்லை. வேலைக்குத் திரும்பும் நாளுக்கு ஒரு நாள் முன்னதாகவே வந்து சேர்ந்துவிட்டால் துணி துவைக்கவும் தூங்கவும் நேரம் இருக்கும். அழுக்குத் துணிக்கு ஒரு தனிப் பையும், பாட்டி கட்டிக் கொடுக்கும் முறுக்கு டின்களுக்குக் காரின் பின்பெட்டியில் இடமும் முன்பே ஒதுக்கி வைக்கலாம். போகும்போது மகள் வண்ணம் தீட்டிய அந்த நீளத்தாளையும் தூக்கிப் போட வேண்டாம். தலைகீழாகத் திருப்பிக் கொடுத்தால் முதலில் வயல், பிறகு ஜெராய், பிறகு ஆறு, சுரங்கம், மலை, கடைசியில் தாப்பா.